மாப்ளே, நீ யோகா மாஸ்டரா போயிரு

வாங்க லண்டன் மாப்ளே, உக்காருங்க. ஒங்கம்மா நேத்தே போன் போட்டு எல்லாத்தையும் ஒப்பிச்சிருச்சு. இங்கிலாந்துக்கும் நமக்கும் வியாபார ஒப்பந்தம் ஆயிருச்சாம், படிச்ச பிள்ளைகளுக்கு விசா தாராளமாம், தேனியில ஒரு ஏஜெண்டு ஏழு லச்சத்துக்கு முடிச்சுத் தர்றேன்னானாம். 'அண்ணே, அந்த இலவந்தோப்பை வெச்சு ஏதாவது பொரட்ட முடியுமா'ன்னு கேக்குது. கூடப் பொறந்தவ கேட்டா இல்லைன்னு சொல்ல முடியுமா? ஆனா ஏழு லச்சம் எடுத்து வைக்கிறவன் ஏழு கேள்வியாவது கேக்கணுமா இல்லையா?

இந்தக் கடமலைக்குண்டுல இலவம்பஞ்சுத் தரகு பாத்தே காலத்தை ஓட்டுனவன் நான். ஒப்பந்தம்னு ஒருத்தன் தாளை நீட்டுனா, மேல இருக்குற பெரிய எழுத்தை விட்டுட்டுக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைத்தான் மொதல்ல படிப்பேன். அதனால பேத்தியை விட்டு அந்தச் சேதி பூராத்தையும் போன்ல எடுத்து வாசிக்கச் சொன்னேன். எனக்கு ராத்திரி தூக்கம் வராது, அவளுக்குப் போனைக் கீழ வைக்க மனசு வராது. தோது நல்லா அமைஞ்சு போச்சு.

2025 ஜூலை 24-ல அந்தச் சீமையிலயே வெச்சுக் கையெழுத்து. நம்ம பக்கம் பியூஷ் கோயல், அவங்க பக்கம் ஜோனதன் ரெனால்ட்ஸ், ரெண்டு பிரதமரும் பக்கத்துல. கையெழுத்துப் போட்ட அன்னைக்கே கதவு தொறந்துறாது, அங்கிட்டு நாடாளுமன்றம் பாத்து முடிச்ச பெறகுதான். அது கெடக்கட்டும். வருசத்துக்கு 1,800 பேர் போகலாம்னு அதுல ஒரு கணக்கு வருது. ஒங்கம்மா காதுல விழுந்தது அந்த எண்ணிக்கைதான். அந்த 1,800 பேரு யாரு எவருன்னு ஒங்கம்மாவும் கேக்கல, ஏஜெண்டும் சொல்லல. நான் சொல்றேன் கேட்டுக்க. சமையக்காரரு, யோகா வாத்தியாரு, சாஸ்திரிய சங்கீதக்காரரு.

மெக்கானிக்கல் இன்ஜினியர்னு ஏதாச்சும் அதுல தெரியுதான்னு மறுக்கா பாக்கச் சொன்னேன். 'இல்ல தாத்தா'ன்னு சொல்லிட்டு அந்தப் பயபுள்ள சிரிக்குது.

நாலு வருசம் கோயம்புத்தூர்ல ஒன்னையப் படிக்க வெச்ச காசுக்கு, ஒங்கம்மா பக்கத்துல அடுப்படியில உக்கார வெச்சிருந்தா இன்னைக்கு நீ செஃப்பு. அவ வைக்கிற மொச்சைக் குழம்பு வாசத்துக்கே வெள்ளைக்காரன் விசா குத்துவான். ஒனக்குச் சமையல்ல தெரிஞ்சது நூடுல்ஸுக்குச் சுடுதண்ணி வைக்கிறது. சரி, யோகாவாவது பாப்போம்னா, நீ கண்ணு முழிக்கிற நேரத்துக்குச் சூரியன், 'ஒன் நமஸ்காரமே வேணாம் போப்பா'ன்னு உச்சிக்கு வந்துருது. சங்கீதத்தைப் பத்திப் பேச வேணாம். பங்குனித் திருவிழாவுல நீ மைக்கைப் பிடிச்சப்ப ரேடியோ செட்டுக்காரன் என்ன பண்ணுனான்னு ஊருக்கே தெரியும்.

இங்கிலாந்து வேணாம், ஆஸ்திரேலியா போறேங்குறியா? போ. 2022 ஏப்ரல் 2-ல கையெழுத்து ஆகி, அந்த வருசம் டிசம்பர் 29-லேர்ந்து நடப்புல இருக்கு. அங்கயும் வருசத்துக்கு 1,800 பேருதான். அங்கயும் சமையக்காரரு, யோகா வாத்தியாரு. நாலு வருசம் வரைக்கும் தங்கலாம். ரெண்டு நாட்டுக்காரனும் எங்கிட்டோ ஒண்ணா உக்காந்து இட்லி தின்னுருப்பான் போல, ஒரே எண்ணிக்கையைப் போட்டு வெச்சிருக்கான். 140 கோடி சனத்துக்கு 1,800. நம்ம கடமலை-மயிலை ஒன்றியத்துக்குப் பங்கு எம்புட்டு வரும்னு பேத்தியைக் கணக்குப் போடச் சொன்னா, 'ஆளுக்கெல்லாம் வராது தாத்தா, ஒரு கால் வந்தாலே பெருசு'ங்குறா. எந்தக் காலுன்னு நான் கேக்கல.

அந்த ஆஸ்திரேலியா ஒப்பந்தத்துலயே இன்னொண்ணும் இருக்கு. 18 வயசுலேர்ந்து 30 வரைக்கும் இருக்குற பிள்ளைக ஒரு வருசம் போய்ச் சுத்தியும் பாக்கலாம், வேலையும் செய்யலாம்னு வருசத்துக்கு 1,000 பேருக்கு. 2024 அக்டோபர்ல அதைத் தொறந்து விட்டான். ரெண்டு வாரத்துல 40,000 பேர் பேரைக் கொடுத்துட்டாங்க. பெறகென்ன, குலுக்கல்தான். நாப்பது பேருல ஒருத்தனுக்கு. சீட்டு எடுக்குற யோகம் ஒனக்கு இருக்கான்னு ஒங்கம்மாகிட்டயே கேளு. நம்ம குடும்பத்துல ஏலச்சீட்டுல கூட எவனும் மொத மாசம் எடுத்ததில்ல.

இப்ப எனக்குள்ள வேற கேள்வி முளைச்சுச்சு. இன்ஜினியர், கணக்குப்பிள்ளை, கம்ப்யூட்டர்காரன் எல்லாரும் போறானே, அவன் எந்த வாசல்ல போறான்? அதுக்குப் பேத்தி 1995-க்குப் போயிட்டா. உலக வர்த்தக நிறுவனம் உண்டான வருசம். சேவை வியாபாரத்துக்குன்னு அன்னைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டு, சேவை எல்லை தாண்டுறதுக்கு நாலு வழின்னு எழுதுனாங்க. ஒண்ணு, கம்பி வழியா போறது. இங்க உக்காந்து அமெரிக்காக்காரனுக்குப் போன்ல பதில் சொல்றாங்களே, அது. ரெண்டு, வாடிக்கையாளன் நம்மளைத் தேடி வர்றது. மாலத்தீவுலேர்ந்து மதுரைக்குக் கண்ணு காட்ட வர்றான்ல, அது. மூணு, கடையையே அங்க கொண்டுக்கிட்டுப் போய்த் தொறக்குறது. நாலாவதுதான் ஆளே போறது.

அந்த நாலாவது வழிக்கு மட்டும் பின்னால ஒரு பொடி எழுத்துத் தாளைச் சேத்துத் தச்சிருக்காங்க. நான் தேடிக்கிட்டுக் கெடந்தது அதைத்தான். என்ன சொல்லுதுன்னா, இந்த ஒப்பந்தம் அந்த நாட்டுல வேலை தேடுறவனுக்குச் செல்லாது. குடியுரிமை கேக்குறவனுக்குச் செல்லாது. நெலையா தங்கி வேலை பாக்க நெனைக்கிறவனுக்கும் செல்லாது. வெளங்குதா? வேலை தேடிப் போறவனுக்கு இந்த வாசல்ல எடமே இல்ல. வேலையைக் கையில வெச்சுக்கிட்டு, ஒரு கம்பெனி அனுப்பி, ஒரு கம்பெனி கூப்பிட்டு, முடிச்ச ஒடனே திரும்பி வர்றவனுக்குத்தான் தொறந்து வெச்சிருக்கு. நீ நாலு மாசமா வீட்டுல உக்காந்து வேலை தேடிக்கிட்டு இருக்க. அதாவது, யாருக்கு இல்லைன்னு எழுதியிருக்கோ, அந்த ஆளு நீதான். ஒன்னைய நெனைச்சுத்தான் அந்தத் தாளையே தச்சிருக்காங்க போல.

இதே இங்கிலாந்து ஒப்பந்தத்துல அவங்க விஸ்கி இங்க வர்றதுக்கு நம்மாளு போட்டிருந்த வரி 150 சதவீதம். அது மொதல்ல 75 ஆகும், பத்து வருசத்துல 40-க்கு எறங்கும். வர்ற பாட்டிலுக்கு எண்ணிக்கை கெடையாது. வந்த பாட்டிலைத் திரும்பிப் போன்னு எவனும் சொல்லப் போறதில்ல, அதைத் திருப்பி அனுப்புறதுக்கு நம்மூர்ல ஆளும் கெடையாது. மனுசன்னா மட்டும் இம்புட்டுப் பேரு, இத்தனை நாளு, இன்ன வேலை. ஆளையும் சரக்குக் கணக்குலதான் எழுதுறாங்க மாப்ளே. ஆனா சரக்குக்குக் கொடுத்த சவுரியத்தை ஆளுக்குக் கொடுக்கல.

நீ மொகத்தைத் தொங்கப் போடாத. ஒனக்குப் புரியுற மாதிரி நம்ம தோப்பையே சொல்றேன். மரத்துல காய் எறங்குறதுக்கு முந்தியே தோப்பைக் குத்தகைக்கு விடுறோம். குத்தகைக்காரன் நெத்து அடிச்சுப் பஞ்செடுத்துக்கிட்டுப் போகலாம். மரம் அவனோடது இல்ல. ஒரு கொப்பை ஒடிச்சாலும் கேக்குறதுக்கு ஆள் வரும். சீசன் முடிஞ்சா தொரட்டியைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டணும், அடுத்த வருசமும் எனக்கேன்னு உரிமை கொண்டாட முடியாது. நீ வாங்கப் போறது அந்தக் குத்தகை. அதுல குத்தம் ஒண்ணுமில்ல, குத்தகைக்கு எடுத்துச் சம்பாரிச்சவனை இந்த ஊர்ல நானே பாத்துருக்கேன். ஒங்கம்மா அதை வெலக் கெரயம்னு நெனைச்சுப் பொண்ணு வீட்டுல பவுனு பேசப் போகுது பாரு, அதுதான் ஒதைக்குது. இலவு காத்த கிளின்னு ஊரு ஒலகம் கேலி பேசும். நம்மூர்ல இலவு காத்தவன் எவனும் ஏமாந்ததில்ல, பஞ்சு எடுத்து வித்துட்டான். அடுத்தவன் தோப்பைத் தன் தோப்புன்னு நெனைச்சுக் காத்தவன்தான் கெட்டான்.

அமெரிக்காவா? அங்க நமக்குக் குத்தகைத் தாளே இல்ல. கனடாக்காரனும் மெக்சிகோக்காரனும் 1994-லேர்ந்து அவங்க மூணு நாட்டு ஒப்பந்தத்துல தனி விசாவுல போறான், இன்னைக்கு எண்ணிக்கை வரம்பும் இல்ல. இப்ப அந்த ஒப்பந்தம் பேரை மாத்திக்கிட்டு 2020-லேர்ந்து ஓடுது, விசா அப்படியே இருக்கு. சிங்கப்பூருக்கு வருசத்துக்கு 5,400, சிலிக்கு 1,400-னு 2004-லேர்ந்து தனியா எடுத்து வெச்சிருக்கான். ஆஸ்திரேலியாவுக்கு 10,500. சிலி எங்க இருக்குன்னு நம்ம வாத்தியாருக்கே தேடித்தான் சொல்லணும். நமக்கு ஒண்ணும் கெடையாது. பொதுக் குலுக்கல்ல 65,000, அங்கயே மேல்படிப்புப் படிச்சவனுக்கு இன்னொரு 20,000. அந்த 65,000-லேர்ந்துதான் சிங்கப்பூருக்கும் சிலிக்கும் உள்ளதை மொதல்ல எடுத்து வைக்கிறான். பந்தியில நமக்கு முந்தி அவங்க எலை.

2015 கடைசியில, இந்த மாதிரி விசாவுல வந்த ஆளுகளை அதிகமா வெச்சிருக்குற கம்பெனிகளுக்கு ஒரு விசாவுக்கு 4,000 டாலர் கூடுதல்னு சட்டம் போட்டான். நம்ம சர்க்கார் 2016 மார்ச்சுல உலக வர்த்தக நிறுவனத்துல பிராது கொடுத்துச்சு. பேச்சுவார்த்தைக்கு வாங்கன்னு கூப்பிட்டதோட அது அங்கயே நிக்குது. நீ வளந்துட்ட, பிராது வளரல. பெறகு 2025 செப்டம்பர்ல ட்ரம்ப் ஒரே போடா, புதுசா கூப்பிடுற ஆளுக்கு ஒரு லச்சம் டாலர்னுட்டாரு. அதை எதுத்து அங்கிட்டு வழக்கும் போட்டுருக்காங்க. ஒரு லச்சம் டாலருன்னா அன்னைக்கு நம்ம காசுக்கு 88 லச்சத்துக்குப் பக்கம். நம்ம தோப்பை மட்டுமில்ல, வருசநாடு வரைக்கும் வித்தாலும் கட்டுபடியாகாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க பென்சன் கணக்கு. ஒன் சம்பளத்துல மாசாமாசம் பிடிப்பான். பென்சன் வேணும்னா 10 வருசம் கட்டியிருக்கணும். விசா எத்தனை வருசம்? ஆறு. பச்சை அட்டைக்கு வரிசையில நிக்கிறவனுக்கு மட்டும் நீட்டிப்பு. மத்தவன் ஆறு வருசம் கட்டிட்டு, கையை வீசிக்கிட்டு ஊருக்கு வரலாம். இந்தக் கணக்கைப் போட்டவன் மட்டும் கையில கெடைச்சான்னா பஞ்சு மண்டியில சம்பளம் போட்டு உக்கார வெச்சிருப்பேன்.

இங்கிலாந்து ஒப்பந்தம் இதுல தேவலாம். அதோடயே தனியா ஒரு ஏற்பாடு பேசியிருக்காங்க. கொஞ்ச நாளைக்குன்னு கம்பெனி அனுப்புற ஆளு ரெண்டு நாட்டுலயும் கட்ட வேணாம், இங்க பி.எஃப். கட்டுனா போதும்னு. மூணு வருசத்துக்குன்னு அன்னைக்கு அறிவிச்சாங்க. நல்ல காரியந்தான், நான் இல்லைங்கல. ஆனா கம்பெனி தன் பங்குக்குக் கட்டுறதும் அதுல மிச்சம் ஆகுது பாரு, அந்த மிச்சம் ஒன் சம்பளத்துல ஏறுமா, மொதலாளி கல்லாவுல ஏறுமா? ஏஜெண்டுகிட்ட இதைக் கேளு. அவன் மொகம் போற போக்கைப் பாக்குறதுக்கே நானும் கூட வரணும்.

சிங்கப்பூர் கதை தனி. நம்ம நாட்டுக்கும் அவங்களுக்கும் 2005 ஜூன்ல கையெழுத்து, ஆகஸ்டுல நடப்பு. 127 தொழிலைப் பட்டியல் போட்டு, இதுல உள்ள ஆளுக வரலாம்னு எழுதுனாங்க. அதைப் பாத்துட்டு அந்த ஊர்க்காரங்க, இந்தியாக்காரன் பூராப் பேரும் இந்த ஒப்பந்தத்தாலதான் வந்து எறங்குறான்னு கொதிச்சுப் போனாங்க. அந்த ஒப்பந்தத்தோட சுருக்கப் பேரே நம்மாளுகளை வைய்யிற சொல்லா ஆயிருச்சு. 2021-ல அவங்க நாடாளுமன்றத்துலயே மந்திரிக எந்திரிச்சு நின்னு, அப்புடி யாருக்கும் தானா கதவு தொறக்கலன்னு கணக்கு வெச்சாங்க. கம்பெனிக்குள்ளயே மாத்தலாகி அந்த ஒப்பந்தத்தைச் சொல்லி வந்த இந்தியாக்காரங்க 2020-ல சுமார் 500 பேர். அந்த 500 பேருக்காக ஒரு நாடே சண்டை கட்டியிருக்கு. பட்டியல்ல பேரு இருந்தாலும் சம்பளம், படிப்பு எல்லாம் பாத்துத்தான் பாஸு. இப்ப அதுலயும் மார்க்கு. 2023 செப்டம்பர்லேர்ந்து 40 மார்க்கு எடுத்தாத்தான் உள்ள. 2025-லேர்ந்து கொறைஞ்சபச்சச் சம்பளம் மாசம் 5,600 வெள்ளி. இன்னொரு கூத்தும் இருக்கு. நீ போற கம்பெனியில நம்ம நாட்டாளுக ஏற்கெனவே நெறைய இருந்தா, அந்த எனத்துல ஒனக்கு முட்டை. அதனால சிங்கப்பூர் போறதா இருந்தா நம்மாளு ஒருத்தனும் இல்லாத கம்பெனியாப் பாரு. ஆனா நம்மாளு இல்லைன்னா ஒன்னைய எவன் கூப்பிடுவான்? சிபாரிசுக்கும் ஆள் வேணும், மார்க்குக்கும் ஆள் இருக்கக் கூடாது. நர்சுப் படிப்பை ரெண்டு நாடும் ஒத்துக்கிறதுக்கே 2018 ஆச்சு, ஒப்பந்தம் போட்டு 13 வருசம். ஒங்க சின்னம்மா மக நர்சுக்குப் படிக்குதுல்ல, அதுகிட்டயும் சொல்லி வை.

நான் இதையெல்லாம் கேட்டுக்கிட்டே வந்தப்ப நெனைச்சது என்ன தெரியுமா? இதுல 'வல்லுநர்'னு யாரைச் சொல்றாங்கங்குறதுதான். விடியக்காலை கம்பம், கூடலூர், போடிப் பக்கம் போய் நின்னு பாரு. ஜீப்பு ஜீப்பா பொம்பளைக ஏலத்தோட்டத்துக்குப் போகும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுன்னு மூணு வாசல். சாயந்தரம் திரும்பிரும். 1956-ல மாநிலம் பிரிச்சு, தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோட போச்சு. அதுக்கு முந்தியும் போனாங்க, அதுக்குப் பெறகும் போறாங்க. நூறு காய்ல எது பதமா முத்துன காயின்னு வெரல் வெச்சே சொல்லுங்க அதுக. அந்தத் தோட்டம் நிக்கிறது இந்த ஜீப்பாலதான். 2020-ல கொரோனா வந்து சோதனைச் சாவடியை மூடுனப்ப ஏலக்காய் செடியிலயே கெடந்துச்சு, இங்க அடுப்பு எரியல. பெறகு இ-பாஸ் எடுன்னாங்க. பட்டன் போன் வெச்சிருக்குற பொம்பளை இ-பாஸுக்கு எங்கிட்டுப் போகும்? ஒரே நாட்டுக்குள்ளயே ஒரு விசா வந்துட்டுப் போச்சு மாப்ளே, நீ அப்ப ஆன்லைன் கிளாஸ்னு போர்வைக்குள்ள கெடந்த.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்க. மத்த ஊர்ல வருசத்துக்கு ஒரு சீசன்னா, இங்க எல்லா மாசமும் எங்கயாவது ஒரு தோட்டத்துல பழம் வெட்டுறான். காரணம் என்ன? கவாத்து அடிக்கிறவன் கை. எந்தக் கண்ணுல வெட்டுனா எந்த மாசம் கொலை வரும்னு அவனுக்குத்தான் தெரியும். பழத்துக்கு சர்டிபிகேட்டு வந்துருச்சு. அவன்கிட்ட ஒண்ணுமில்ல. எந்த நாட்டு ஒப்பந்தத்துலயாவது கவாத்துக்காரன் வல்லுநர்னு இருக்கான்னு கேட்டேன். பேத்தி தேடிக்கிட்டேதான் இருக்கா. தலைகீழா நிக்கத் தெரிஞ்சவன் வல்லுநர், ஒலகத்துக்கே சோறு போடத் தெரிஞ்சவன் கூலி. யோகா மேல எனக்குக் கோவம் இல்ல. எழுதுனவன் ஒரு நாள் கூட மம்பட்டி பிடிக்காதவன்னு மட்டும் தெரியுது.

அந்தக் கூலிக்காரனுக்கு வேற சட்டம். 1983-ல போட்ட குடிபெயர்வுச் சட்டம். பத்தாவது தேறாதவன் வளைகுடா, மலேசியான்னு அவங்க குறிச்சு வெச்ச நாடுகளுக்கு வேலைக்குப் போகணும்னா, சென்னையில இருக்குற குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி ஒப்பந்தத்தைப் பாத்து, சம்பளத்தைப் பாத்து அனுமதி கொடுக்கணும். நீ டிகிரி. ஒன்னைய எவனும் கேக்க மாட்டான். படிச்சவன் தன்னையத் தானே பாத்துக்குவான்னு சர்க்கார் நம்புது. அந்த நம்பிக்கையாலதான் 2022-ல ஐ.டி. வேலைன்னு தாய்லாந்துக்குக் கூட்டிட்டுப் போய், எல்லை தாண்டி மியான்மர் மியாவடியில அடைச்சு வெச்சு, போன்ல சனத்தை ஏமாத்துற வேலை வாங்குனாங்க. அதுல தமிழ்நாட்டுப் பசங்களும் மாட்டி, மீட்டுக் கூட்டிட்டு வர வேண்டியதாப் போச்சு. அம்புட்டும் படிச்ச பிள்ளைக.

நம்ம குடும்பத்துல மொதல்ல சீமைக்குப் போறது நீன்னு நெனைக்காத. எங்க தாத்தாவோட தம்பி ஒருத்தரு கண்டிச்சீமைக்குப் போனாரு. கங்காணி வந்து முன்பணம் கொடுத்து, மண்டபம் கேம்புல வெச்சிருந்து, கப்பலேத்துனான். போறதுக்கு முந்தியே கடன்காரன். வேற தோட்டத்துக்கு மாறணும்னா கடன் தொகையை எழுதுன துண்டுச் சீட்டு கூடவே போகும், புதுத் தொரை அதைக் கட்டித்தான் ஆளை எடுப்பான். 1921-ல அந்த வழக்கத்தை எடுத்தாங்க. ஆள் வேலைக்கு வர்ற ஒவ்வொரு நாளும் கங்காணிக்குத் தலைக்கு இம்புட்டுன்னு காசு. இப்ப கன்சல்டன்சிக்காரன் மணிக்கணக்குல பில்லு போட்டு ஆளுக்குப் பாதி தர்றானே, அவன் டை கட்டியிருக்கான், அம்புட்டுத்தான் வித்தியாசம். ஒன்னைய அமெரிக்காவுல வேலையை விட்டு எடுத்தா 60 நாளுக்குள்ள வேற மொதலாளியைப் பிடிக்கணும், இல்லைன்னா கெளம்பணும். தோட்டத்துல அந்தக் கெடு கூட இல்ல, கடனை அடைச்சா நின்னுக்கலாம்.

பெறகு 1964 அக்டோபர்ல சாஸ்திரியும் சிரிமாவோ அம்மாவும் உக்காந்து பேசுனாங்க. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பெறகு பேசிக்குவோம்னு. 1974-ல அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாப் பிரிச்சாங்க. மூணு தலைமொறையாத் தேயிலை பறிச்ச சனம், எந்தப் பங்குல விழுந்தோம்னு தெரியாம நின்னுச்சு. ஒப்பந்தத்துல ஆளை எண்ண ஆரம்பிச்சா அது எங்கெங்க போய் முடியும்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அதனாலதான் 1,800-ன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பும் வந்துச்சு, வேற என்னமோவும் வந்துச்சு.

போக வேணாம்னு நான் சொல்லவே இல்லையே மாப்ளே. போ. எவன் தாளைக் கையில வெச்சிருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போ. நாளைக்கு அந்த ஏஜெண்டுகிட்ட நேராப் போய் நில்லு. ஏப்பா, ஒன் பேரு ஈ-மைக்ரேட்டுல பதிவாயிருக்கான்னு கேளு. பதிவாயிருந்தா அவன் வாங்கக் கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், மிச்சம் ஆறரை லச்சத்துக்கு மேல எதுக்குன்னு கேளு. எந்தக் கம்பெனி கூப்பிடுதுன்னு கேளு. ஸ்பான்சர் உரிமம் உள்ள கம்பெனிகளோட பட்டியலை இங்கிலாந்து சர்க்காரே வெளியில போட்டு வெச்சிருக்கு, அதுல அந்தப் பேரு இருக்கான்னு பேத்தி ரெண்டு நிமிசத்துல பாத்துருவா. ஸ்பான்சர் சர்டிபிகேட்டுக்கு ஆகுற காசை ஆள்கிட்ட வாங்கக் கூடாதுன்னு அந்த ஊர்லயே விதி இருக்குன்னும் போற போக்குல சொல்லி வை. வேற எடம் பாக்கணும்னா நம்ம மாநில சர்க்காரே 1978-லேர்ந்து வெளிநாட்டுக்கு ஆளெடுத்து அனுப்ப ஒரு நிறுவனம் வெச்சிருக்கு, அங்கயும் எழுதிப் போடு. இத்தனையும் கேட்ட பெறகும் அவன் நாற்காலியிலயே உக்காந்திருந்தா, தோப்புப் பத்திரத்தை எடுத்துக்கிட்டு நானே வர்றேன்.

ஆங், எனக்காகவும் ஒண்ணு கேட்டுட்டு வா. அந்த யோகா வாத்தியாருக்கு வயசு வரம்பு ஏதாச்சும் இருக்கா? கோழி கூப்பிடவே எந்திரிச்சிருறேன். சம்மணம் போட்டு உக்காந்தா கை ஊண்டாம எந்திரிப்பேன். ஒங்க அத்தை பேச ஆரம்பிச்சா, மூச்சை அடக்கிக்கிட்டு எம்புட்டு நேரம் வேணாலும் அசையாம இருப்பேன், அதுக்குச் சாட்சி தெருவே இருக்கு. சர்டிபிகேட்டு மட்டும்தான் இல்ல. ஏழு லச்சத்துல பாதியைக் கொடுத்தா அதையும் அந்த ஏஜெண்டே அடிச்சுக் கொடுத்துருவான்.